ஓட்ட ஆளில்லாமல் நிற்கும் லாரி: சிறு வண்டிக்காரருக்கு எந்த வழி?

எங்கள் ஷெட்டில் 5 லாரிகள். அலுவலக அறையில் சாவி மாட்டும் பலகையில் 5 ஆணிகள். அப்பா காலத்தில் அந்தப் பலகையில் சாவி தொங்கிப் பார்ப்பது அரிது, எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கோ டிங்கரிங்குக்கோ வந்த வண்டியின் சாவிதான் தொங்கும். போன மாசியிலிருந்து இரண்டு சாவிகள் அங்கேயே தொங்குகின்றன. வண்டியில் கோளாறு இல்லை. லோடும் இருக்கிறது. ஓட்டத்தான் ஆளில்லை.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரி வைத்திருக்கும் யாரைப் பார்த்தாலும் எடுத்தவுடன் வரும் பேச்சு இதுதான். டீசல் விலை, சுங்கக் கட்டணம், வாடகை எல்லாம் அதற்குப் பிறகு. கேஸ் டேங்கர், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி, முட்டை வண்டி, தொலைதூரம் ஓடும் லைன் லாரி என்று சக்கரத்தை நம்பியே வளர்ந்த ஊர்கள் இவை. வண்டி வாங்கக் கடன் கிடைக்கிறது, பாடி கட்டப் பட்டறை இருக்கிறது; ஸ்டியரிங் பிடிக்க ஆள் தேடி அலைகிறோம்.

நிற்கும் வண்டியும் தின்னும். என்னிடம் உள்ளவற்றில் புதிய வண்டியை 36 லட்சம் கடனில் எடுத்தேன். 60 மாதத் தவணை, மாதம் 76,000 ரூபாய்க்குச் சற்று மேல். நாளொன்றுக்கு 2,500 ரூபாயைத் தாண்டுகிறது. இன்சூரன்ஸ், காலாண்டு வரி, ஆண்டுக்கு 16,500 ரூபாய் நேஷனல் பர்மிட் கட்டணம் எல்லாம் தனி. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவை நிற்பதில்லை.

ஐந்து முதல் பத்து வண்டி வரை வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நூறு வண்டிக்காரருக்குத் தனி மேலாளர் உண்டு, பயிற்சிக்குத் தனிப் பணம் உண்டு. ஒற்றை வண்டிக்காரர் தானே ஓட்டிக்கொள்வார். நடுவில் இருக்கும் நமக்குத்தான் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற குழப்பம். கடந்த இரண்டு ஆண்டுகளில் சிலவற்றை நானே செய்து பார்த்தேன், சிலவற்றைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

ஆள் ஏன் குறைந்தது

சம்பளம் போதவில்லை என்பது பாதி உண்மைதான். மாதம் முழுக்க டிரிப் அடிக்கும் ஓட்டுநரின் கையில், படியும் சேர்த்தால், திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகும் அவருடைய தம்பியைவிடக் கூடுதலாகவே பணம் நிற்கிறது. ஆனால் தம்பி இரவில் வீட்டில் தூங்குகிறான். நல்லது கெட்டதுக்கு வந்து நிற்கிறான். அண்ணன் நாக்பூருக்கு ஜவ்வரிசி ஏற்றிப் போனால் ஒரு வழி மட்டும் ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர். போய்ச் சேரும் நாளைச் சொல்லிவிடலாம். இறக்க எத்தனை நாள், திரும்பும் லோடு எப்போது கிடைக்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. கம்பெனி வாசலில் ஒன்றரை நாள் காத்திருக்கும் மனிதனை உள்ளே கழிப்பறைக்குக்கூட விடாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. லாரி ஓட்டுகிறவர் என்றால் பெண் கொடுக்கவும் தயங்குகிறார்கள்.

2024 ஜனவரியின் முதல் நாட்களில் நாட்டின் பல பகுதிகளில் ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். விபத்து நடந்த பின் தகவல் தராமல் ஓடினால் 10 ஆண்டு வரை சிறை என்ற பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவுதான் காரணம். அதை நடைமுறைக்குக் கொண்டுவராமல் அரசு நிறுத்திவைத்தது. ஆனால் அந்த வாரம் ஓட்டுநர்களின் வீடுகளில் எழுந்த கேள்வி அப்படியே இருக்கிறது. கூட்டம் அடித்துவிடும் என்று பயந்து ஓடினால் சிறை, நின்றால் அடி. இந்த வேலை நமக்கு எதற்கு என்று மனைவி கேட்டால் பதில் சொல்ல முடியவில்லை என்று எங்கள் ஓட்டுநர் ஒருவரே என்னிடம் சொன்னார்.

இன்னொன்றை நாம் அதிகம் பேசுவதில்லை. சட்டப்படி 18 வயதில் கார் ஓட்ட லைசென்ஸ் எடுக்கலாம். லாரி, பஸ் போன்ற போக்குவரத்து வாகனத்துக்கு 20 வயது ஆக வேண்டும். இலகு ரக லைசென்ஸ் குறைந்தது ஓராண்டு கையில் இருந்திருக்கவும் வேண்டும். பிளஸ் டூ முடித்த பையனுக்கு லாரியில் ஏற இன்னும் இரண்டு மூன்று ஆண்டு காத்திருப்பு. அந்த இடைவெளியில் அவன் மில்லுக்கோ, உணவு டெலிவரிக்கோ போய்விடுகிறான். 20 வயது ஆனதும் திரும்பி வருவான் என்று நாம் எதிர்பார்க்க ஒரு காரணமும் இல்லை. போக்குவரத்து லைசென்ஸுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதியை 2019இல் நீக்கினார்கள். கதவு அகலத் திறந்தது. உள்ளே வர ஆள் வரிசையில் நிற்கவில்லை.

முன்பணமும் வெளியூர் ஆளும்

பெரும்பாலோர் முதலில் செய்வது, அடுத்த ஷெட்டில் ஓட்டும் ஆளுக்கு முன்பணம் கொடுத்து அழைப்பது. நானும் செய்தேன். இரண்டே நாளில் வண்டி கிளம்பிவிடும் என்பது மட்டும்தான் இதில் உள்ள நன்மை. நான்கு மாதத்தில் வேறொருவர் இன்னும் பெரிய தொகையைக் காட்டுவார். கொடுத்த பணம் போனதோடு, பழைய முதலாளியின் முகத்தையும் திருமண மண்டபத்தில் பார்க்க முடியாது. சிலர் ஆள் போய்விடாமல் இருக்க அசல் லைசென்ஸை வாங்கி மேசையில் பூட்டி வைக்கிறார்கள். இது தவறு. கடனைக் காட்டி ஒரு மனிதனை வேலையில் கட்டிவைப்பதை 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தடுக்கிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். நம் 40 லட்ச ரூபாய் வண்டியை ஓட்டுகிறவரை நாமே இப்படி நடத்தினால் ஊர் எப்படி மதிக்கும்?

அடுத்தது பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசத்திலிருந்து ஓட்டுநர்களை வரவழைப்பது. இதைப் பற்றி நம் பக்கத்தில் நிறைய அவநம்பிக்கை இருக்கிறது, பெரும்பகுதி நியாயமற்றது. எங்களிடம் 14 மாதம் ஓட்டிய பீகார் ஓட்டுநர் வண்டியை வைத்திருந்த சுத்தத்தை வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை. நாக்பூருக்கு வடக்கே போகும் லோடுக்கு அவர்களுக்கு ஈடு யாரும் இல்லை. மொழி தெரியும், தாபா தெரியும், எந்த ஊர் எல்லையில் எந்த நேரம் நிறுத்தக்கூடாது என்றும் தெரியும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அவர்கள் ஊரின் பெரிய விழாவான சத் பண்டிகைக்குப் போனால் ஒரு மாதம் ஆகும். அது அவருடைய உரிமை, தீபாவளிக்கு நாம் வண்டி எடுப்போமா? தமிழ்நாட்டுக்குள் லோடு ஏற்றும் இடத்தில் தனியாக விட்டால் திண்டாடிப் போகிறார். குடும்பம் அங்கே, வேலை இங்கே என்றால் அவரும் நெடுநாள் தங்கமாட்டார்.

இந்த வழியில் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். லைசென்ஸ் எண்ணைப் போக்குவரத்துத் துறையின் பரிவாஹன் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். எந்த ரக வண்டிக்கு, எந்தத் தேதி வரை செல்லும் என்பது வந்துவிடும். கேஸ் டேங்கருக்கு இன்னும் கவனம் தேவை. அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டியை ஓட்ட 3 நாள் பயிற்சிச் சான்று வேண்டும், இந்திய மொழி ஒன்றோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மற்ற போக்குவரத்து லைசென்ஸ் 5 ஆண்டு செல்லும் என்றால் இது 3 ஆண்டுதான். புதுப்பிக்க ஒருநாள் புத்தாக்கப் பயிற்சியும் உண்டு. டேங்கர் வைத்திருப்பவர்களுக்கு வெளியூர் ஆளை உடனே ஏற்றுவது எளிதல்ல.

இந்த இரண்டு வழிக்கும் ஒரே குறை. ஏற்கெனவே இருக்கும் ஓட்டுநர் ஒரு ஷெட்டிலிருந்து இன்னொரு ஷெட்டுக்கு வருகிறார், அவ்வளவுதான். என் வண்டி கிளம்பும்போது எங்கோ வேறொருவரின் வண்டி நிற்கிறது. புதிதாக ஓர் ஓட்டுநர்கூடப் பிறப்பதில்லை.

பள்ளியில் கற்றுத் தருவதும் தராததும்

புதிய ஓட்டுநரை உருவாக்க அரசு காட்டும் வழி பயிற்சிப் பள்ளி. 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் கனரக வாகனத்துக்கு 6 வாரத்தில் 38 மணி நேரம், வகுப்பும் ஓட்டமும் சேர்த்து. சிமுலேட்டர், தனி ஓட்டுதளம் எல்லாம் இருக்க வேண்டும். அங்கே தேறியவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் குமிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளி உண்டு. எங்கள் நாமக்கல்லிலேயே அசோக் லேலண்டின் ஓட்டுநர் பயிற்சி நிலையம் நீண்ட காலமாக இருக்கிறது.

பள்ளியில் படித்து வந்தவர்களை நான் மதிக்கிறேன். முக்கியமாகப் புது வண்டிகளில். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 (புகை மாசு விதி) லாரியில், புகையின் நச்சைக் குறைக்கும் ஆட்புளூ திரவத்தை ஊற்ற வேண்டும். அளவு குறைந்து விளக்கு எரியும்போது கவனிக்காமல் விட்டால் இன்ஜின் தானாகவே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். 30 ஆண்டு அனுபவமுள்ள எங்கள் மூத்த ஓட்டுநர் ஒருவர், பம்ப் போய்விட்டது என்று நினைத்து அனந்தப்பூர் தாண்டி ஓர் இரவு முழுவதும் வண்டியை ஓரங்கட்டி நின்றார். பள்ளியிலிருந்து வந்த பையன் போனிலேயே பத்து நிமிடத்தில் காரணத்தைச் சொன்னான்.

அதே பையனை முதல் முறை தனியாகச் சேலத்துக்கு லோடு ஏற்ற அனுப்பினேன். மூன்று மணி நேரம் கழித்துப் போன் வந்தது. "அண்ணா, வண்டியை நான் கொண்டுவந்துவிடுவேன். கட்டுப் போடத்தான் தெரியவில்லை." தார்ப்பாயை எந்தப் பக்கத்திலிருந்து இழுப்பது, கயிற்றை எந்தக் கொக்கியில் தொடங்கி எங்கே முடிவது, மழைத் தண்ணீர் தேங்காமல் நடுவில் எப்படி மேடு வைப்பது என்பதெல்லாம் 38 மணி நேரப் பாடத்தில் வராது. எடைமேடைச் சீட்டு, சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டான இ-வே பில்லின் காலக்கெடு, இறக்கும் இடத்தில் சரக்கு குறைகிறது என்று சண்டைக்கு வந்தால் என்ன பேசுவது, அதிகாலை மூன்று மணிக்குக் கண் சொருகும்போது பிடிவாதமாக நிறுத்திவிடுவது, இவையும் வராது.

தொப்பூரில் கற்க வேண்டியது

பயிற்சி என்றாலே எனக்குத் தொப்பூர்தான் நினைவுக்கு வரும். தருமபுரியிலிருந்து சேலம் வரும் பாதையில் அந்தக் கணவாய் இறக்கம். லாரி விபத்து என்று செய்தித்தாளில் எத்தனை முறை அந்தப் பெயரைப் படித்திருப்போம்! பல மொழிகளில் பலகை வைத்திருக்கிறார்கள், குறைந்த கியரில் இறங்குங்கள் என்று. இருந்தும் நியூட்ரலில் போட்டு இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

நியூட்ரலில் விட்டால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. இன்ஜின் பிடித்து இழுக்காது, புகை வெளியேறும் வழியை அடைத்து இன்ஜினைக் கொண்டே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் வேலை செய்யாது. 30, 40 டன் எடை முழுவதையும் பிரேக் லைனிங் ஒன்றே தாங்க வேண்டும். திரும்பத் திரும்ப மிதித்தால் டிரம் பழுக்கச் சூடாகி லைனிங்கின் பிடி போய்விடும். அதன் பிறகு பெடலில் ஏறி நின்றாலும் வண்டி நிற்காது. கியரில் போடலாம் என்றால் அந்த வேகத்தில் கியர் விழாது.

தெரிந்தும் ஏன் செய்கிறார்கள்? டீசல். ஒரு டிரிப்புக்கு இத்தனை லிட்டர் என்று நாம் கணக்குப் போட்டுக் கொடுக்கிறோம். மிச்சம் பிடித்தது ஓட்டுநருக்கு. மிச்சம் பிடிக்க அவருக்குத் தெரிந்த வழி இறக்கத்தில் நியூட்ரல். இதில் பெரிய சோகம், இன்றைய எலெக்ட்ரானிக் இன்ஜினில் அந்த மிச்சமும் கிடையாது என்பதுதான். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில் இன்ஜின் அணையாமலிருக்க டீசல் போய்க்கொண்டேயிருக்கும். பழைய வண்டியில் பழகிய கை இல்லாத மிச்சத்துக்காக உயிரைப் பணயம் வைக்கிறது.

இதைப் பள்ளியில் சொல்லித் தரலாம், சொல்லியும் தருகிறார்கள். ஆனால் வெளியே வந்ததும் அவர் கையில் நாம் கொடுப்பது அதே டீசல் கணக்குத்தானே? பாடம் ஒன்று சொல்லும், சம்பள முறை வேறொன்று சொல்லும். மனிதன் சம்பளம் சொல்வதைத்தான் கேட்பான். அதனால் நான் டீசல் மிச்சக் கணக்கை நிறுத்திவிட்டேன். கிலோமீட்டருக்கு இவ்வளவு படி என்று பேசிக்கொண்டோம். மைலேஜ் எனக்கு எவ்வளவு குறையும் என்று பயந்தேன். சற்றுக் குறைந்தது, தாங்கும் அளவுதான். அந்தப் பணத்தை இன்சூரன்ஸ் தவணை போல நினைத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் இருக்கை

அப்பா 1980களில் கிளீனராக வண்டியில் ஏறியவர். நாமக்கல் வட்டாரத்தில் இன்று லாரி வைத்திருக்கும் பல வீடுகளின் கதை இதுதான். கிளீனர், பிறகு ஓட்டுநர், பிறகு பங்குக்கு ஒரு பழைய வண்டி, பிறகு முதலாளி. கிளீனர் வேலை என்பது ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதும் டயர் தட்டிப் பார்ப்பதும் மட்டும் அல்ல. அதுதான் எங்கள் பள்ளிக்கூடம். ஓட்டுநர் எங்கே கியர் மாற்றுகிறார், எந்த வளைவில் எவ்வளவு முன்னால் காலை எடுக்கிறார் என்று நான்கு ஆண்டு பக்கத்திலிருந்து பார்த்த பிறகுதான் ஸ்டியரிங்கில் கை வைக்க விடுவார்கள்.

அந்தப் பள்ளியை நாமே மூடினோம். ஒரே நாளில் அல்ல. டியூப் இல்லாத ரேடியல் டயர் வந்தது, பஞ்சர் குறைந்தது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன, காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ஓட ஆள் தேவைப்படவில்லை. 2018இல் நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு ஓட்டுநர் வேண்டும் என்ற விதியும் போனது. 2021இல் ஃபாஸ்டேக் கட்டாயமாகிச் சுங்கச்சாவடியில் சில்லறை எண்ணும் வேலையும் இல்லை. ஒவ்வொரு முறையும் நாம் ஒரு படியை மிச்சம் பிடித்தோம். மிச்சம் பிடித்தது அடுத்த தலைமுறை ஓட்டுநரை என்பது இப்போதுதான் தெரிகிறது. இன்று இடப்பக்க இருக்கையில் தண்ணீர் கேனும் போர்வையும் கிடக்கின்றன.

பழைய முறையை அப்படியே கொண்டுவரச் சொல்லவில்லை. அதில் கொடுமை இருந்தது. அப்பா ஏறும்போது அவருக்கு 13 வயது. அடி வாங்கியிருக்கிறார், வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறார், முதல் இரண்டு ஆண்டு சாப்பாடு மட்டும்தான் கூலி. எந்தப் பிள்ளைக்கும் அது வேண்டாம். ஆனால் 18 வயது முடிந்த, கார் லைசென்ஸ் எடுத்த இளைஞனுக்கு, 20 வயது ஆகும் வரை உள்ள அந்த இடைவெளியை நிரப்ப இந்த இருக்கையைவிடப் பொருத்தமான இடம் எது?

செலவைச் சொல்கிறேன். என்னிடம் இப்படி இருவர் இருக்கிறார்கள். மாதம் 12,000 ரூபாய் சம்பளம். வண்டியோடு போகும் நாளுக்கு 250 ரூபாய் படி, மாதத்தில் 24 நாள் என்றால் 6,000. ஆக 18,000. புது வண்டி ஏழு நாள் நின்றால் தவணையிலேயே அவ்வளவு போய்விடுகிறது. மாதத்தில் ஏழு நாள் வண்டி நிற்பதை நாம் சகித்துக்கொள்கிறோம், ஒரு பையனுக்குச் சம்பளம் கொடுக்க யோசிக்கிறோம். அரசின் தேசியப் பழகுநர் திட்டத்தில் பதிவு செய்ய முடிந்தால் உதவித்தொகையில் கால் பங்கு, மாதம் 1,500 ரூபாய் வரை, அரசு ஏற்கிறது. 4 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் சிறு இடம் விரும்பினால் சேரலாம். காகித வேலை இருக்கிறது என்று ஒதுக்க வேண்டாம்.

கற்றுக் கொடுக்கிறவரை மறந்தால் இந்த வழி இரண்டே மாதத்தில் முறிந்துவிடும். ஓட்டுநருக்குப் பையன் ஒரு பாரம். கேபினில் இடம் குறைகிறது, பொறுப்பு கூடுகிறது. முதல் பையனை அனுப்பியபோது நான் இதை யோசிக்கவில்லை. பாத்திரம் கழுவ வைத்தாரே தவிர ஒன்றும் சொல்லித் தரவில்லை என்று அவன் 20 நாளில் இறங்கிவிட்டான். தவறு என்னுடையது. இப்போது கற்றுக் கொடுக்கும் ஓட்டுநருக்கு மாதம் 2,000 ரூபாய் தனியாகக் கொடுக்கிறேன், பையன் கனரக லைசென்ஸ் எடுக்கும் நாளில் இன்னொரு தொகை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நானே பையனோடு உட்கார்ந்து கட்டு, டயர், காகிதம், பிரேக் என்று கேட்டுப் பார்க்கிறேன். லைசென்ஸ் இல்லாமல் ஒரு கிலோமீட்டர்கூட அவன் சாலையில் ஓட்டக்கூடாது. இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

20 வயது ஆனதும் பயிற்சி மையத்துக்கு 6 வாரம் அனுப்ப வேண்டும், கட்டணம் நாம் கட்டி. இரண்டு ஆண்டு பக்கத்திலிருந்து பார்த்தவன் 38 மணி நேரத்தில் பெறுவதும், நேராகப் பள்ளிக்குப் போனவன் பெறுவதும் ஒன்றல்ல. பள்ளியா இருக்கையா என்று கேட்டால் இருக்கை முதலில், பள்ளி பிறகு என்பேன்.

வேலையையே மாற்றுவது

மேலே சொன்ன எல்லாம் ஆளை வேலைக்குப் பொருத்துவது. வேலையை ஆளுக்குப் பொருத்தவும் வழி உண்டு. 2014இல் தொடங்கிய ரிவிகோ நிறுவனம் தொடர் ஓட்டம் போல ஒரு முறையைக் கொண்டுவந்தது. ஓட்டுநர் நான்கைந்து மணி நேரம் ஓட்டி, வழியில் உள்ள நிலையத்தில் வண்டியை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, எதிர்த்திசையில் வரும் வண்டியில் வீடு திரும்புவார். இரவு வீட்டில் தூங்கலாம். 2022இல் அதன் எக்ஸ்பிரஸ் சரக்குத் தொழிலை மஹிந்திரா லாஜிஸ்டிக்ஸ் வாங்கியது. அந்த நிறுவனம் எப்படிப் போனாலும், ஓட்டுநரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று யோசித்ததற்காக நான் அதை மதிக்கிறேன்.

5 வண்டிக்காரரால் தனியாக இதைச் செய்ய முடியாது. இரு திசையிலும் தினமும் லோடு வேண்டும். இன்னொன்று, நம் ஓட்டுநருக்கு வண்டி என்பது அவருடைய வீடு. சாமி படம், பூச்சரம், தலையணை எல்லாம் அவருடையது. கை மாறிக்கொண்டே இருந்தால் டயர் தேய்ந்ததற்கு யார் பொறுப்பு, கண்ணாடி உடைந்ததற்கு யார் பொறுப்பு என்று சண்டை வரும். நாமக்கல்லும் பெங்களூருவும் என்றால் ஒரு வழி சுமார் 250 கிலோமீட்டர், கிருஷ்ணகிரியில் மாற்றிக்கொள்ளலாம். நான்கைந்து உரிமையாளர்கள் சேர்ந்தால் இந்தத் தடத்தில் முடியும் என்று நினைக்கிறேன். நாக்பூர் ஓட்டத்துக்கு இப்போதைக்கு முடியாது.

தொடர் ஓட்டம் முடியாவிட்டாலும் வேலையைக் கொஞ்சமாவது மாற்றலாம். இரண்டு தொலைதூர டிரிப்புக்குப் பிறகு ஒரு பக்கத்து டிரிப், அதன் பின் மூன்று நாள் வீடு என்று நாட்காட்டியில் எழுதி ஓட்டுநரிடம் முன்பே கொடுத்தோம். மகளின் காதுகுத்துக்கு வர முடியுமா என்று இப்போது யாரும் என்னிடம் கெஞ்சுவதில்லை. 2025 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம் என்று விதி வந்திருக்கிறது. புது வண்டி எடுப்பவருக்கு அது தானாக வந்துவிடும். பழைய வண்டிக்காரர்கள் நல்ல இருக்கை, மின்விசிறி, படுக்கை மெத்தையாவது மாற்றித் தரலாம்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. கொங்குப் பக்கத்தில் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து லாரி ஓட்டும் குடும்பங்கள் ஓரிரண்டு உண்டு. அவர்களால் முடியும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வழியில் பாதுகாப்பாகக் குளிக்கவும் தூங்கவும் இடமில்லை என்பதுதான் தடை. அதைச் சரிசெய்தால் ஆண் ஓட்டுநர்களும் வாழ்த்துவார்கள்.

யாருக்கு எது

நாளைக் காலை வண்டி கிளம்பியே ஆக வேண்டும், ஒப்பந்த லோடு கெட்டுவிடும் என்ற நிலையில் இருப்பவர் வெளியூர் ஓட்டுநரை வைத்துக்கொள்ளட்டும். லைசென்ஸைச் சரிபார்த்து, ஊருக்குப் போகும் நாட்களை முன்பே பேசி, தங்க ஓர் அறை கொடுத்து. முன்பணப் போட்டியில் இறங்க வேண்டாம்; அதில் ஜெயித்தவரை நான் பார்த்ததில்லை. டேங்கர் வைத்திருப்பவருக்குப் பள்ளி தவிர வேறு குறுக்கு வழி இல்லை. பெங்களூரு, ஓசூர், கோவை என்று குறுகிய தடத்தில் ஓட்டுபவர் தடத்தை மாற்றியமைப்பதை முதலில் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வரும் வேலை என்றால் ஆள் கிடைக்கிறது. தொலைதூர லைன் வண்டி வைத்திருக்கும் என்னைப் போன்றவர்கள் இரண்டாம் இருக்கையில் ஆளை உட்கார வைத்தே ஆக வேண்டும். பலன் கிடைக்க இரண்டு ஆண்டு ஆகும். அதுவரை வெளியூர் ஓட்டுநரைக் கொண்டு சமாளிக்கலாம். எந்த வழியானாலும் ஓட்டுநரைத் தமிழ்நாடு அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்தில் பதிவு செய்ய வைப்பதும், தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுப்பதும் முதல் வாரத்திலேயே முடிய வேண்டிய வேலை.

எல்லோரும் என்னைக் கேட்கும் கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. இரண்டு ஆண்டு சோறு போட்டு, கட்டணம் கட்டி லைசென்ஸ் எடுத்துக் கொடுத்த பிறகு பையன் அடுத்த ஷெட்டுக்குப் போய்விட்டால்? போகலாம். பத்திரத்தில் கையெழுத்து வாங்கி அவனைக் கட்டிப்போட நான் தயாராக இல்லை. மேலே சொன்ன முன்பணக் கதைதான் அதுவும். தனி ஒருவர் செலவில் எல்லோருக்கும் ஓட்டுநர் உருவாகிறார் என்பதே இதில் உள்ள முடிச்சு. அதனால் செலவைப் பொதுவாக்கலாம் என்று தோன்றுகிறது. ஒவ்வொருவரும் வண்டிக்கு மாதம் 300 ரூபாய் ஒரு பொதுக் கணக்கில் போடுவது. பயிற்சிக் கட்டணமும் கற்றுக் கொடுக்கும் ஓட்டுநரின் தொகையும் அதிலிருந்து. பையன் எந்த ஷெட்டில் ஓட்டினாலும் பணம் போட்டவர்களின் வண்டியைத்தான் ஓட்டுவான். 60 வண்டிகள் சேர்ந்தால் மாதம் 18,000 ரூபாய் வருகிறது. அடுத்த மாதச் சங்கக் கூட்டத்தில் இதை எழுத்தில் வைக்கப் போகிறேன். பத்துப் பேர் கையைத் தூக்கினால் ஆடியிலேயே தொடங்கிவிடலாம். இதுவரை பேசியதில் ஆறு பேர் சரி என்றிருக்கிறார்கள்.